அண்ணனுக்குப் போடாத மருந்து

நான் ஆராய்ச்சி செய்த நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. வராமல் தடுக்க ஊசி உண்டு, அதுவும் நல்ல ஊசி. ஆஸ்பத்திரியில் ரேபிஸ் என்றும் எங்கள் ஊரில் வெறிநாய்க்கடி என்றும் சொல்கிற அந்த நோயின் வைரஸோடுதான் என் உத்தியோக காலம் முழுக்கக் கழிந்தது.

திண்டுக்கல்லில் கல்லூரி முடித்து, சென்னையில் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது என்னை ரயிலேற்றிவிட வந்தவர் அண்ணன். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷன் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறினார்.

"கண்ணுக்கே தெரியாத கிருமியப் பிடிக்கப் போறதுக்கு இம்புட்டுப் பெரிய பெட்டியா பாப்பா?"

எனக்குத் தலை நரைத்த பிறகும் அண்ணனுக்கு நான் பாப்பாதான். வீட்டில் எல்லாருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு நத்தம் ரோட்டில் மோட்டார் சைக்கிள் உதிரி பாகக் கடை. மாங்காய் சீசன் வந்தால் கடையை மதினியிடம் விட்டுவிட்டு, நத்தம் பக்கம் ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்து அங்கேயே கிடப்பார். பெரிதாக லாபம் ஒன்றும் நிற்காது. இருந்தாலும் அந்த மூன்று மாதம் அவர் முகமே வேறாக இருக்கும்.

நான் சென்னையிலிருந்து பெங்களூர் போனேன். ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. இந்த வைரஸ் மற்றவை மாதிரி இரத்தத்தில் சுற்றித் திரிவதில்லை. கடிபட்ட இடத்தில் நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு ஏறும். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில். அந்த அவகாசத்துக்குள் தடுப்பூசியை முழுதாகப் போட்டுவிட்டால், உடம்பு தன் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைரஸை வழியிலேயே மடக்கிவிடும். மூளைக்குள் போய்விட்டால் கதை முடிந்தது. இரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்புப் புரதம் இருந்தாலும் அது எளிதில் மூளைக்குள் நுழைய முடியாது. உள்ளே நுழையக்கூடிய அளவுக்குச் சிறிய ஒரு புரதத்தை உண்டாக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. அந்த ஒரு கேள்வியில் என் இளமை போயிற்று. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இந்த வருடம் வேண்டாம் என்றேன். பிறகு பேச்சு வருவதும் நின்றது.

ஒருநாள் எலிகள் பிழைத்தன. எல்லாமும் இல்லை. நோய் வெளிப்படும் முன் மருந்து செலுத்தியவற்றில் பல பிழைத்தன. நோய் வெளிப்பட்ட பிறகு செலுத்தியவற்றில் பெரும்பாலானவை செத்துவிட்டன. ஆனால் ஒன்றிரண்டு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு, கூண்டின் மூலையில் தீனி தின்றுகொண்டிருந்தன. நான் வராந்தாவுக்கு ஓடிவந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, எலி பொழைச்சிருச்சு!"

"எலி பொழைச்சதுக்குச் சந்தோசப்படுற ஒரே ஆளு உலகத்துலயே நீதான் பாப்பா" என்றார். பின்னால் கடையில் யாரோ சிரிப்பது கேட்டது. அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாளாம், என் மக வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டா என்று. அம்மா, அது எலிக்குத்தான், மனுசருக்கு வர எத்தனையோ வருசம் ஆகும் என்று நான் விளக்கினேன். "எலிக்குக் கேட்டா மனுசனுக்குக் கேக்காதா" என்று அவள் முடித்துக்கொண்டாள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் நாயைப் பற்றித்தான் பேசுவேன். தெருப் பிள்ளைகள் குட்டியைத் தூக்கிக் கொஞ்சினால் அதட்டுவேன். பல் லேசாகப் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவு, எல்லா ஊசியையும் போடு என்று சாப்பாட்டு நேரத்தில்கூட ஓதுவேன். அண்ணன் மதினியைப் பார்த்துக் கண்ணைக் காட்டிச் சிரிப்பார்.

அந்த வருடம் ஆடி மாதம். ஆய்வுக்கூடத்தில் மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். மதினி போன் செய்தார்.

"பாப்பா, அண்ணனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். இன்னைக்குத் தண்ணி குடிக்க மாட்டேங்கிறாக. டம்ளரக் கிட்டக் கொண்டுபோனாலே உதறுறாக. ஃபேனப் போட்டா, நிறுத்து நிறுத்துன்னு கத்துறாக. பயமா இருக்கு பாப்பா."

எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் என்ன மேடம் என்று கேட்டது நினைவிருக்கிறது.

"நாய் எதுவும் கடிச்சுச்சா மதினி?"

"நாயெல்லாம் கடிக்கல." மதினி குரலைத் தாழ்த்தினார். "சித்திரையில தோப்புல ஒரு குட்டி, தாயில்லாத குட்டி. இவுக பால ஊத்துனாக. கட்டைவிரல்ல பல்லு பட்டுச்சுன்னாக. அப்புறம் அது செத்துருச்சு. ஒரு ஊசி போட்டாக. அப்ப காய் இறங்குற நேரம் பாப்பா, மறுபடி போகல. உங்கிட்டச் சொல்லவேணாம்னாக. பாப்பாவுக்குத் தெரிஞ்சா ஊசி ஊசின்னு உசுர எடுத்துருவான்னு..."

அந்தச் சித்திரையிலும் ஞாயிறு தவறாமல் நாங்கள் பேசியிருந்தோம். மாங்காய் விலையைச் சொன்னார். மழை பெய்து காய் கொட்டிய கதையைச் சொன்னார். இதைச் சொல்லவில்லை.

பஸ் பிடித்தேன். கரூர் தாண்டிச் சமவெளியில் வண்டி ஓடும்போது, எனக்குத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட முடிந்தால் தேவலை என்றிருந்தது. மற்றவர்கள் ஏதாவது நம்பிக்கையோடு பஸ்ஸில் வருவார்கள். எனக்கு அதற்கும் வழியில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்குத் துணி கட்டியிருந்தது. வாசலில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா! மருந்தக் கொண்டாந்தியா?"

"எந்த மருந்தும்மா?"

"நீ கண்டுபிடிச்சது. எலியப் பொழைக்க வச்சியே."

"அம்மா, அத மனுசருக்குப் போட முடியாது. அது இன்னும் மருந்தே இல்ல."

அம்மாவின் பிடி தளர்ந்தது. "அம்புட்டு வருசமா இதத்தானடி படிச்ச? இதுக்குன்னுதான கல்யாணங்கூட வேணாம்னு போன?"

நான் உள்ளே போனேன்.

இந்த நோயில் இடையிடையே தெளிவு வரும். அதை நான் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நான் போன நேரம் அண்ணன் தெளிவாக இருந்தார். உதடு வெடித்திருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியபடி இருந்தது, விழுங்க முடியவில்லை. துடைக்கப் போனேன். கையுறை போட்டிருந்ததைப் பார்த்தார்.

"அதானா பாப்பா?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். "ஆமாண்ணே."

தலையை ஆட்டினார். "சின்னக் குட்டி. நடைகூட இன்னும் சரியா வரல." பிறகு, "உன் எலி மருந்து?" என்றார்.

கேட்டபோது அவர் முகத்தில் பழைய கேலி லேசாக இருந்தது. எனக்காக வரவழைத்துக்கொண்டாரோ என்னவோ. "இன்னும் ஆகலண்ணே" என்றேன். "சரி சரி" என்றார், ஏதோ நான்தான் வருத்தப்படுகிறேன், தேற்ற வேண்டும் என்பதுபோல.

வெளியே வந்து என் ஆய்வுக்கூடத் தலைவருக்குப் போன் செய்தேன். குளிர்பெட்டியில் மருந்து இருந்தது. எலிக்கென்று தயாரித்தது. தானாக மூளைக்குள் போகும் அளவுக்கு அது இன்னும் வராததால், எலியின் மூளைக்குள் ஊசியால் நேராகச் செலுத்தியது. மனிதரின் மூளையில் அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அனுமதி கிடையாது. நான் ஒன்றும் கேட்கவில்லை, நிலைமையை மட்டும் சொன்னேன். அவர், "என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்" என்றார். ஆமாம், தெரியும். போனை வைத்துவிட்டேன். கேட்டிருந்தால் மறுத்திருப்பார், மறுப்பதுதான் சரியும்கூட. ஆனால் அந்த மறுப்பை அவர் வாயால் கேட்காமல் விட்டதுதான் இன்றுவரை உறுத்துகிறது. ஒரு தங்கை கேட்டிருப்பாள். அப்போது போனில் பேசியது தங்கை இல்லை.

அந்த வார்டு டாக்டர் சின்ன வயதுப் பெண். இந்த நோயைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர். "மேடம், நீங்க சொல்லுங்க, என்ன செய்யலாம்?" என்று என்னையே கேட்டார். வலி தெரியாமல், பயம் தெரியாமல் தூங்கவைக்கும் மருந்தைச் சொன்னேன். அளவைக் கூட்டச் சொன்னேன். குருவானவர் வந்து, எண்ணெய் பூசி ஜெபித்து, நோயில் பூசுதல் கொடுத்தார். மறுநாள் மத்தியானம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று மாலையே அடக்கம் செய்தோம். எச்சில் யார் மேலும் பட்டுவிடக்கூடாதென்று, சவப்பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று சொன்னவளும் நான்தான். அம்மா கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த கையோடு, அவருக்கு ஊட்டிவிட்ட மதினியையும் எச்சில் துடைத்தவர்களையும் ஊசிக்கு அழைத்துப் போனேன். மதினி ஒரு ஊசிகூடத் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் கையை நீட்டிவிட்டு, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

பெங்களூர் திரும்பினேன். வேலை நின்றுவிடவில்லை. எலியைவிடப் பெரிய பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். நோய் வெளிப்பட்ட பிறகு கொடுத்தபோது ஒன்றும் பிழைக்கவில்லை. வேறு அளவில், வேறு வழியில் முயன்றிருக்கலாம். அதற்குள் பண உதவி நின்றது, கூட இருந்த இளையவர்கள் வேறு வைரஸ்களுக்குப் போனார்கள். என்னைப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். தடுப்பூசி போட்டவர்களின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. பயனுள்ள வேலைதான். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். என் கேள்விக்கு நான் விடை கண்டுபிடிக்கவில்லை. முடியாது என்றாவது நிரூபித்தேனா என்றால், அதுவும் இல்லை.

அம்மா அதன் பிறகு என் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. கோயிலில் யாராவது கேட்டால், "பெங்களூர்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாளாம். என்னிடம் கோபமாக இருந்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. சாகும்வரை என்னிடம் சாப்பிட்டியா, தூங்குனியா என்று மட்டும் கேட்டாள்.

இப்போது நான் திண்டுக்கல்லில்தான் இருக்கிறேன், மதினி வீட்டு மாடியில். கடையை விற்றாயிற்று. போன சித்திரையில் நத்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போய்விட்டு, திரும்புவதற்கு டவுன் பஸ்ஸுக்காக நின்றோம். வழி நெடுக மாங்காய் வண்டிகள். மதினி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"பாப்பா, அந்த மருந்தப் போட்டிருந்தா அவுக பொழைச்சிருப்பாகளா?"

இத்தனை வருடமாகக் கேட்காத கேள்வி. அநேகமாக மாட்டார், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் நியாயமான பதில். அதைத்தான் சொல்லத் தொடங்கினேன்.

"சரியாத் தெரியல மதினி. அது வந்து..."

"தெரியலன்னு சொல்லாத பாப்பா." என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பொழைச்சிருக்க மாட்டாகன்னு சொல்லு. நீ சொன்னா நான் நம்பிருவேன்."

நிரூபிக்காத எதையும் நான் ஒருநாளும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை.

"பொழைச்சிருக்க மாட்டாரு மதினி" என்றேன்.

மதினி மூச்சை விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாம்பூலப் பையைக் கையில் எடுத்தார். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த சற்று நேரத்தில் அவர் தூங்கிப்போனார். ஊர் வரும்வரை நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.