வேப்பிலை கட்டிய வீட்டில் தாளிப்பு வாசனை

செஞ்சியில் ஜெயக்கொடி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. கொசுக்கார அம்மா என்றால்தான் தெரியும். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. "நேத்துதான்மா கழுவுனேன்" என்று யாராவது சொன்னால், தலையாட்டிக்கொண்டே மூடியைத் திறந்துவிடுவாள். ஒன்பது வருடமாக ஊர்ப் பொய்யையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவள்.

கொரோனா இரண்டாம் அலையில் அவள் கையில் காய்ச்சல் பார்க்கும் கருவியும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கொடுத்தார்கள். சனங்கள் இருமலை அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். தொற்று என்று தெரிந்தால் வாசலில் தகரம் அடித்து வீட்டை அடைத்துவிடுவார்களே!

அன்று பச்சைமுத்து வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அவர் மனைவி நாகம்மாள் படியிலேயே மறித்தாள்.

"அவருக்கு அம்மா வந்திருக்குது. உள்ள வராதக்கா."

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் கால் வைப்பதில்லை. மருந்து மாத்திரையும் கிடையாது. ஜெயக்கொடி கிளம்பத்தான் பார்த்தாள். அப்போது இரண்டு முகக்கவசத்தையும் தாண்டி வந்தது வாசனை. கடுகு, பூண்டு, கருவாடு.

"ஏம்மா, ஆத்தா வந்த ஊட்ல தாளிப்பாங்களா?"

நாகம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"வாய்க்கு ருசியே தெரியலன்னாரு, அதான் கருவாடு... யக்கா, வெள்ளிக்கெழம சுவாதிக்குப் பூ வைக்க வல்லத்துலருந்து வர்றாங்க. தகரம் அடிச்சா எம்பொண்ணு கல்யாணம் நின்னுடும்க்கா."

ஜெயக்கொடிக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உள்ளே போய்ப் பச்சைமுத்துவின் விரலில் கருவியை மாட்டினாள்.

"தொண்ணூத்தஞ்சு இருக்கணும், எம்பத்திரெண்டுதான் இருக்குது. கல்யாணத்துக்கு அப்பன் வேணுமா வேணாமா, நீயே சொல்லு."

ஆம்புலன்ஸ் வந்தபோது, தெருவே பார்க்க நடுவில் நின்று நாகம்மாளே கை காட்டி உள்ளே திருப்பினாள்.

தகரமும் அடித்தார்கள். வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி அதற்கு மேலாகப் பால் பாக்கெட்டை நீட்டிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை தங்கராஜிடமிருந்து போன் வந்தது. நாகம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்த, மாமா ஏழாவது பெட்டுதானே?"

"ஆமா... யாரு சொன்னது?"

"ஆறாவது பெட்ல எங்க நைனா இருக்காரு. உங்ககிட்ட எப்புடிச் சொல்றதுன்னு நாங்களும் பயந்துனு இருந்தோம். இப்ப ரெண்டு பேரும் இட்லிக்குச் சண்ட போட்டுனு இருக்காங்களாம்."

தகரத்துக்கு அந்தப் பக்கம் நாகம்மாள் ஓவென்று அழுதாள். இந்தப் பக்கம் ஜெயக்கொடி, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.