ஹேவ்லாக் தீவில் மீன் படாத சட்டியும் ஒரு செம்புப் பாலும்

இந்த வருடம், 2010 மாசியில், நானும் என் மருமகள் மகேசுவும் அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் தீவுக்குப் போய்வந்தோம். மீன், கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய்கூடச் சேராத சாப்பாடு தரும் கடற்கரை விடுதி அங்கே எது என்று தேடி அலைந்த கதை இது. என்னைப் போல வாயைக் கட்டியவர்கள் யாராவது அந்தப் பக்கம் போக நினைத்தால் உதவும் என்று எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். நோட்டில் நான் எழுதித் தருவதைப் பேத்தி திவ்யா சின்னமனூர் பிரவுசிங் சென்டரில் ஏற்றுகிறாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறாள். வகுப்பில் எப்போதும் முதல் ஆள் அவள்தான் என்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், நான் சொன்னதைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் ஓடைப்பட்டியில் திராட்சைக் கொடி போட்டிருக்கும் குடும்பம். வைகை அணை மீனும் வெள்ளாட்டுக்கறியும் தின்று வளர்ந்தவள்தான் நானும். என் ஒரே மகன் செல்வம், திவ்யாவின் அப்பா, ஹேவ்லாக்கில் ஒரு விடுதியில் சமையல்காரனாக இருந்தான். 2002 ஐப்பசியில், வேலையாகப் படகில் போனவன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்து கிடைத்தது. அதில் போன மூன்று பேர் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம், எரித்த மறுநாள் சாம்பலில் பால் தெளிப்பார்கள். எங்களுக்கோ உடம்பும் இல்லை, சாம்பலும் இல்லை. அவனுக்குப் பால் ஊற்றாமல் என் வாயில் பால் படக் கூடாது என்று அன்றைக்கு நிறுத்தியவள்தான். அவனைக் கொண்டுபோன தண்ணீரில் கிடக்கும் மீனை எப்படித் தின்பது? மீன் போனதும் கறியும் முட்டையும் தன்னால் போயின.

ஏழு வருடம் ஆளைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்துவிட்டதாகக் கோர்ட்டில் சொல்லுவார்களாம். உத்தமபாளையம் கோர்ட்டுக்கு நடையாக நடந்து, தை மாதம் தீர்ப்பு வந்தது. அன்றைக்கே என் கொழுந்தனார் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பேப்பரே வந்துருச்சு மதினி. ஒரு நாளைப் பாத்துக் காரியத்தை முடிச்சு, அந்தப் புள்ள தாலியையும் வாங்கிருவோம்."

"கோர்ட்டுல சொல்லிட்டாகன்னா எம்மகன் செத்துருவானா? நான் அந்தக் கடலுக்கே போயிப் பால ஊத்திட்டு வாரேன். பெறகு பேசுங்க."

"சுடுகாட்டுக்குப் பொம்பளைக போற வழக்கம் நம்மள்ல உண்டா மதினி?"

"கடலுக்குப் போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!"

மகேசு அடுப்படி வாசலில் நின்றாள். ஏழு வருடமாக அவள் பொட்டை விடவில்லை, பூவை விடவில்லை. புருசன் வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், நான் போய்ப் பாலை ஊற்றினால் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். அவளோ, "நானும் வாரேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அவ்வளவாக விருப்பமில்லை. அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் நான், பால் ஊற்ற வேண்டியவளும் நான்தான் என்று மனதில் இருந்தது. ஒரு சின்னப் பித்தளைச் செம்பைத் துலக்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

விடுதி தேடியது திவ்யா. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அப்பத்தா, ஒன்னைய மாதிரி ஆளுகளுக்கு இங்கிலீசுல ஒரு பேரு இருக்கு. வீகனாம். வெள்ளக்காரவுக நெறையப் பேரு அப்படித்தான் இருக்காகளாம்."

"அவுக வீட்லயும் யாரையும் கடல் கொண்டு போயிருச்சாக்கும்?" என்றேன்.

இனி வழி. ஓடைப்பட்டியிலிருந்து தேனிக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். தேனியிலிருந்து மதுரை 76 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், முப்பத்திரண்டு ரூபாய். அங்கிருந்து ரயிலில் சென்னை. காலை பத்தரைக்கு விமானம். ஆளுக்கு ஐயாயிரத்து நானூறு, இரண்டு மாதம் முன்னால் பதிந்தால் குறையுமாம். இரண்டு மணி நேரத்தில் போர்ட் பிளேர். விமானத்தில் கொடுத்த பொட்டலத்தில் பன்னீர் இருந்தது, பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். கையில் புளிச்சோறும் எங்கள் தோட்டத்து விதையில்லாத் திராட்சை இரண்டு கிலோவும் இருந்தன. புளிச்சோறு இரண்டாம் நாள்வரை தாங்கும், வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

போர்ட் பிளேரில் தமிழாட்கள் அதிகம். பஜாரில் மெஸ் இருக்கிறது, நெய் ஊற்றாமல் தோசை கேட்டால் சுட்டுத் தருகிறார்கள். அன்று அங்கே தங்கி, மறுநாள் காலை ஆறு இருபதுக்கு அரசாங்கக் கப்பல் ஏறினோம். டிக்கெட் 195 ரூபாய். முதல் நாளே போய் வரிசையில் நின்று வாங்க வேண்டும். கப்பல் இரண்டரை மணி நேரம் போகிறது. கடல் நீலம் என்று எல்லோரும் மேல்தளத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். நாங்கள் இருவரும் உள்ளே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம்.

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு நம்பர்தான் பெயர். செல்வம் வேலை பார்த்தது அஞ்சாம் நம்பர் கடற்கரையில். படகுத் துறையிலிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். அவன் வேலை பார்த்த விடுதி கைமாறி, பெயரும் மாறிவிட்டது. வாசலில் விசாரித்ததில் பழைய ஆள் ஒருவரும் இல்லை.

திவ்யா பதிந்து வைத்திருந்த விடுதியில் சைவம் தனியாக உண்டு என்று போட்டிருந்ததாம். மகேசு பிளஸ் டூ படித்தவள், இங்கிலீஷில் விசாரித்தாள். ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். எனக்குத் திருப்தி இல்லை. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். மீன் பொரித்த இரும்புச் சட்டியைத் துணியால் துடைத்துவிட்டு அதிலேயே எனக்கு முட்டைக்கோஸைப் போட்டார்கள். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்தது ஒரு வங்காளிக்காரர் கடை. பருப்பு மட்டும் போதும் என்று கேட்டோம். பருப்பு வந்தது. கரண்டியை விட்டுக் கலக்கினால் அடியிலிருந்து மீன்தலை என்னைப் பார்க்கிறது! மகேசு என் முகத்தைப் பார்த்தாள்.

"சிரிச்சுறாத. எந்திரி" என்றேன்.

"நான் எங்க சிரிச்சேன் அத்தை? அதுதான் ஒங்களப் பாத்துச் சிரிக்குது."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் கேலி பேசியது அன்றைக்குத்தான்.

மணி இரண்டரை ஆகிவிட்டது. கரையோரமாகவே நடந்தோம். தென்னைக்கு நடுவில் பத்து ஓலைக் குடிசை போட்ட ஒரு விடுதி. வாடகை நாளுக்கு அறுநூறு. அடுப்படியில் நின்ற அம்மா நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழிலேயே கூப்பிட்டார். ரோசம்மா என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். பெற்றவர்கள் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து போர்ட் பிளேரில் குடியேறியவர்களாம்.

"இந்த ஊர்ல மீனும் காய்தான்க்கா. வெஜ்ஜுன்னு கேட்டா அப்படித்தான் குடுப்பாங்க. நம்மகிட்டத் தனிச் சட்டி இருக்கு. உள்ள வந்து நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். சுவரில் தனியாகத் தொங்கியது, மோந்தும் பார்த்தேன்.

சோறு, தேங்காயெண்ணெயில் தாளித்த பருப்பு, பூசணிக்காயில் தேங்காய்ப்பால் விட்ட கூட்டு, பீன்ஸ் பொரியல். சாப்பாடு எண்பது ரூபாய். பீன்ஸ் பிஞ்சாக, நரம்பே இல்லாமல் இருந்தது. விவசாயி கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

"காய் நல்லாருக்கே, இங்கன வெளையுதா?" என்று கேட்டேன்.

"இங்க ஏதுக்கா இவ்வளவு காய்? எல்லாம் நீல் தீவுல வெளைஞ்சு போட்டுல வரணும். காத்தடிச்சா அதுவும் வராது. ரொம்ப வருசத்துக்கு முன்ன இப்பிடித்தான், மீனே தொடாத கெஸ்ட்டு ஒரு கூட்டம் வந்து எறங்கிருச்சு. அந்தப் பக்கத்து ரிசார்ட்டு சமையக்காரர், வந்தவங்களுக்கு வெறுஞ்சோறு போடவான்னு சொல்லிட்டு, காத்தோட காத்தாக் காய் வாங்கப் போனாரு. போட்டுதான் திரும்புச்சு. அதுவும் கவுந்து."

மகேசுவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அவரு எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"தேனிப் பக்கம்னு சொல்லுவாங்க. செல்வமுன்னு பேரு. அவரோட பேசுனது இல்ல, கரையில பாத்திருக்கேன்." சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வேலையாகப் போனான் என்றுதான் ஏழு வருடமாக எங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மீன் தின்னாதவர்களுக்குக் காய் வாங்கப் போயிருக்கிறான். நான் காலையிலிருந்து இரண்டு இடத்தில் சாப்பாட்டை வேண்டாம் என்றுவிட்டு நிமிர்ந்து நடந்து வந்திருக்கிறேன். அந்தத் தட்டில் இருந்த காயும் அதே தண்ணீரைத் தாண்டி வந்ததுதானே. பீன்ஸில் ஒரு துண்டை மிச்சம் வைக்கவில்லை.

பசும்பால் வேண்டும் என்றேன். அங்கே டீக்கடையில் எல்லாம் பவுடர் பால். மகனுக்குப் பவுடரைக் கரைத்து ஊற்ற எனக்கு மனமில்லை. மாடு வைத்திருக்கும் ஒரு வங்காளி வீட்டில் ரோசம்மா சொல்லிவைத்து, மறுநாள் விடிந்ததும் கறந்த பால் அரை லிட்டர் வாங்கித் தந்தார். படகு கிளம்பிய இடத்தையும் காட்டினார்.

ஆறரைக்குச் செம்போடு போய் நின்றால், கடலைக் காணோம். அஞ்சாம் நம்பரில் தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் பாறையும் சேறும்தான். நண்டு ஓடுகிறது. நண்டு ஓடும் சேற்றில் ஊற்ற மனம் வரவில்லை.

"பதினோரு மணிக்கு மேலதான்க்கா தண்ணி ஏறும்" என்றார் ரோசம்மா. செம்பைச் சுற்றி ஈரத்துணி கட்டி, மணலில் பாதி புதைத்து, ஒரு சாய்ந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்தோம். நேரம் ஆக ஆகப் பால் திரிந்துவிடுமோ என்று எனக்குப் படபடப்பு. மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

"ஏத்தா மகேசு," என்றேன். "நான் ஊத்திட்டா பெறகு ஒண்ணும் இல்ல. ஒனக்கு மனசு இல்லைன்னா இப்பவே சொல்லிரு. பாலக் கொண்டுபோயி ரோசம்மாகிட்டக் குடுத்துருவோம்."

அவள் செம்பைச் சுற்றிய ஈரத்துணியை இழுத்துக் கட்டினாள்.

"அவுக வரமாட்டாகன்னு எனக்கு முத வருசமே தெரியும் அத்தை."

"பெறகு எதுக்குடி பொட்டும் பூவுமா இருந்த?"

"நீங்க பாலக் குடிக்காமக் காத்துக்கிட்டு இருந்தீக. நீங்க காத்திருக்கையில நான் பொட்டை அழிச்சா, அவுகளை நான் கொன்ன மாதிரி ஆகாதா?"

அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் ஏழு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை, என் முட்டியில் கையை வைத்தாள். ஒரே அடுப்படியில் ஏழு வருடம் நின்றிருக்கிறோம்.

பதினொன்றேகாலுக்குத் தண்ணீர் மரத்தடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பால் திரியவில்லை. முட்டி அளவு தண்ணீரில் இறங்கித் திராட்சையை முதலில் விட்டேன். செம்பைப் பிடித்தேன். சாய்க்கக் கை வரவில்லை. ஊரில் கொழுந்தனாரிடம் அப்படிப் பேசிவிட்டு வந்தவளுக்கு ஒரு செம்பைச் சாய்க்க முடியவில்லை.

கரையில் நின்ற மகேசு சேலையோடு இறங்கி வந்தாள். ஒன்றும் கேட்காமல் செம்பை என் கையிலிருந்து வாங்கினாள். பாதியை ஊற்றினாள். மீதியை என்னிடம் நீட்டி, "ஒங்க பங்கு அத்தை" என்றாள். ஊற்றினேன். வெள்ளையாகக் கொஞ்ச நேரம் நின்றது, அடுத்த அலையில் போய்விட்டது.

குனிந்து தண்ணீர் அள்ளியவள் கை நெற்றிப் பக்கம் போயிற்று. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கொழுந்தனாருக்காக அழிக்காத. எனக்காகவும் வேணாம். ஒனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாத்துக்க."

திரும்பி வந்து, கொழுந்தனாரிடமும் அதையே சொல்லிவிட்டேன். மகேசு கொடுத்த பால் காப்பியை அன்றைக்குக் குடித்தேன். கசந்தது. இன்னும் பழகவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: சைவம் உண்டா என்று கேட்காதீர்கள், எல்லோரும் உண்டு என்பார்கள். மீன் படாத சட்டி தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள், உள்ளே போய்ப் பாருங்கள். தயிர், நெய் வேண்டாதவர்கள் தேங்காய்ப்பால் கூட்டு கேட்கலாம். கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்கு ஏறும் என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் மாதத்தில் போனால் காய் வேண்டும் என்று யாரையும் நெருக்காதீர்கள், ஒருவேளை வெறுஞ்சோறு தின்றால் குறைந்துபோக மாட்டோம். தட்டில் வைத்த காயை மிச்சம் வைக்காதீர்கள்.

என் காரியம் போல ஒரு காரியமாக யாராவது போவதானால், செம்பு ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள். எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை எடுத்துப் போங்கள்.