சித்தப்பா அழித்த வீடியோக்கள்

என் பத்தாவது வயதில் ஒரு மத்தியானம், சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கைப்பேசிக்குள் இன்னொரு சித்தப்பாவைப் பார்த்தேன். முகம் வேறு, நிறம் வேறு, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அது சித்தப்பாதான்.

சித்தப்பா கிட்டார் செய்கிறவர். செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் அறை எடுத்துத் தங்குகிற ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். திருவண்ணாமலை வெயிலில் வெடித்துப்போன அவர்களுடைய கிட்டார்களை ஒட்டிக் கொடுப்பதில் ஆரம்பித்து, பிறகு சொந்தமாகவே செய்ய இறங்கினார். பாதி வேலையை அவற்றைப் பிரித்துப் பார்த்துக் கற்றார். மீதியை இணையத்தில் பெரிய பெரிய தொழில்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துக் கற்றார். அவர்கள் மரம் அறுப்பதைக் காட்டுவார்கள், வளைப்பதைக் காட்டுவார்கள், ஒட்டுவதைக் காட்டுவார்கள். மேல்பலகையை எவ்வளவு மெல்லிசாக இழைப்பது, அதன் அடியில் ஒட்டிய சட்டங்களை எங்கே எவ்வளவு சீவுவது என்ற இடம் வந்ததும் கேமரா அணைந்துவிடும். அடுத்த காட்சியில் கிட்டார் பளபளவென்று பாடிக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பந்தி நேரத்தில் கதவைச் சாத்துகிறார்கள் என்று சித்தப்பா பொருமுவார்.

அதனால், தான் எதையும் மறைப்பதில்லை என்று அவர் முடிவு செய்தார். செங்கல் அடுக்கி, அதில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, சட்டம் சீவுவது முதற்கொண்டு எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டார். அப்பாவுக்கு இது பெரிய வயிற்றெரிச்சல். அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் கடை நடத்தினார். சால்னாவுக்கு மசாலா வறுக்கும்போது அம்மாவைக்கூட வெளியே அனுப்பிவிடுகிற மனிதர். தொழிலைத் தெருவில் கொட்டுகிறான் என்று தம்பியைத் திட்டிக்கொண்டே இருப்பார். சித்தப்பா சிரிப்பார்.

"பாத்தா மட்டும் வந்துடுமாண்ணா? கைய எப்படி வீடியோல அனுப்பறது?"

நான் இங்கிலீஷ் மீடியம். அந்த ஒரே தகுதியில், லீவு நாட்களில் கொட்டகைக்குப் போய், வீடியோக்களுக்குக் கீழே வருகிற கேள்விகளைப் படித்துத் தமிழில் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்திருந்தது. எல்லாரும் மரத்தைப் பற்றி, பசையைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி. ஜன்னலுக்கு எந்தப் பக்கமாக உட்காருகிறீர்கள், டம்ளரில் இருப்பது டீயா தண்ணீரா, உளியை எடுப்பதற்கு முன் பலகையில் ஊதுகிறீர்களே அது எத்தனை தடவை என்றெல்லாம் கேட்பார். ஊதுகிறேனா என்று சித்தப்பா என்னைக் கேட்டார். ஆமாம், ஊதுகிறீர்கள் என்றேன். அவருக்கே அது செய்தி.

அந்த ஆள்தான் அன்று மத்தியானம் தன் வீடியோவை அனுப்பியிருந்தார். அதில் பேச்சே இல்லை. அவ்வளவு பனியில், தரையில் கோணி விரித்து, முண்டா பனியனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. வலப்பக்கம் எவர்சில்வர் டம்ளர். அது எங்கே கிடைத்ததோ. உளிப்பிடியால் காதோரம் சொறிந்துகொண்டார். தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தார், ஊதினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தப்பாவும் சிரித்தார். வெளியே கிரிவலக் கூட்டத்துக்காக மோர்ப்பந்தலுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குள் வெயில் தகித்தது. அந்த மனிதர் மறுபடி ஊதியபோது, எங்கள் கொட்டகையில் மரத்தூள் பறக்கிறதா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு அவர் உளியைச் சட்டத்தின் அருகே கொண்டுபோனார். மரத்தைத் தொடுவதற்கு முன் அவர் கை நடுங்கியது. கொஞ்சம்தான், விட்டு விட்டு. அப்புறம் நின்று, வழுக்கிக்கொண்டு சீவியது. ஒவ்வொரு சீவலுக்கு முன்னாலும் அதே நடுக்கம், அதே அளவில். வாலிப வயசு, முறுக்கேறிய கை. அது நடுங்க ஒரு காரணமும் இல்லை. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. ஏனென்று தெரியாமலே பயமாக இருந்தது.

கீழே எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன். மற்றதெல்லாம் தனக்குச் சீக்கிரம் வந்துவிட்டதாம். உளி தொடுவதற்கு முன் கையை நடுங்கவிடுகிற அந்த வித்தைக்குத்தான் மாதக்கணக்கில் பழக வேண்டியிருந்ததாம். மரம் பேசுவதைக் கேட்கத்தான் அப்படிச் செய்கிறீர்களா என்று கேட்டிருந்தார்.

சித்தப்பா என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார். தன்னுடைய வீடியோக்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழையவற்றில் கை அசையாமல் இருந்தது. சமீபத்தில் போட்டவற்றில் அந்த நடுக்கம் இருந்தது, ஒன்றைவிட அடுத்ததில் கொஞ்சம் ஜாஸ்தியாக. கைப்பேசியை வைத்துவிட்டு, உளியை எடுத்துப் பலகைக்கு மேலே பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு யாரோ அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் அவர் அதைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் காட்டறேன்னு சொன்னேன் பாப்பா. எனக்கே தெரியாததயும் காட்டிக்கினு இருந்திருக்கேன்."

ஒரு பதில் எழுதச் சொன்னார். அது வித்தை இல்லை, தப்பு, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் மறுபதில் வந்தது. புரிகிறது ஐயா, இதை மட்டும் நீங்கள் எல்லாருக்கும் கொடுக்க மாட்டீர்கள், நானும் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றிருந்தது.

நடுக்கம் தெரிகிற வீடியோக்களை எல்லாம் அன்றே சித்தப்பா அழித்தார். வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். தம்பிக்கு இப்போதாவது புத்தி வந்ததே, தொழில் ரகசியத்தை மூடி வைக்கக் கற்றுக்கொண்டானே என்று அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூக்கில் சால்னா அனுப்பி வைத்தார். இணையத்திலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அழித்ததில்தான் நிஜமான சூட்சுமம் இருந்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அதைப் பத்து பேர் நம்ப, யாரோ முன்பே இறக்கி வைத்திருந்த பிரதிகள் கைமாற ஆரம்பித்தன. இப்போதும் எந்தெந்த ஊரிலோ கிட்டார் செய்கிறவர்கள் போடும் வீடியோக்களில், நல்ல திடமான கை ஒன்று மரத்தைத் தொடுவதற்கு முன் நடுங்குவதை நான் பார்ப்பதுண்டு. உடனே அணைத்துவிடுவேன். அந்த நடுக்கத்துக்குச் சொந்தக்காரருக்கு இப்போது அப்பாதான் சாப்பாடு ஊட்டிவிடுகிறார்.

வேலூரில் டாக்டர் அதை நரம்பு வியாதி என்று சொன்னது மறுவருஷம். அந்தச் சமயத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்த வெளிநாட்டுக்காரர் எப்படி நினைத்தாரோ அப்படியேதான் நானும் நினைத்தேன். தப்பு என்று எழுதச் சொன்னது சும்மா ஆளை ஏமாற்றுவதற்கு. அழித்ததும் சத்தியம் வாங்கியதும் ரகசியத்தைக் காப்பாற்றுவதற்கு. உலகத்திலேயே அந்த வித்தை தெரிந்த மூன்றே பேரில் நான் ஒருத்தி என்ற பெருமையில், வகுப்பில் பென்சிலை நோட்டில் வைப்பதற்கு முன் கையை நடுக்கி நடுக்கிப் பழகினேன். குளிர் ஜுரமா என்று டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வீடியோக்களை அழித்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனேன். பழகியதைக் காட்ட வேண்டுமே. சித்தப்பா சும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே சம்மணம் போட்டு, ஒரு பலகைத் துண்டை மடியில் வைத்து ஊதினேன். பென்சிலை அதன்மேல் கொண்டுபோய்க் கையை நடுங்கவிட்டேன். அச்சு அசலாக வந்தது.

"நிறுத்து பாப்பா," என்றார்.

நான் நிறுத்தவில்லை. அவர் நகர்ந்து வந்து, என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் நடுக்குவதை விட்டுவிட்டேன். அப்படியும் என் கை அவர் கைகளுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் சரியாகச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கையை அவரிடம் கொடுத்தபடியே ஆசையாக உட்கார்ந்திருந்தேன்.