வெள்ளிக்கிழமை அடைப்பு

தண்ணீரில் ஊறி, சோப்பும் அழுக்கும் ஏறிப்போன முடியைப் பார்த்து, அது யார் தலையிலிருந்து விழுந்தது என்று ஒருவரால் சொல்ல முடியுமா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் அத்தைக்குத் தெரிந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். மதுரையில், ஆற்றுக்குத் தெற்கே ஒரு குறுகிய சந்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, சித்தப்பா, நான், கைக்குழந்தையாக என் தம்பி. தம்பி பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் சித்தப்பாவுக்கும் கல்யாணமாகி, மேலூரிலிருந்து சித்தி வந்து சேர்ந்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் அவளால் உட்கார முடியும். அவ்வளவு நீளம்.

குளியலறை வீட்டின் பின்பக்கம். தரையோரத்தில் ஒரு துளை, அதிலிருந்து ஒரு குழாய், அது போய் விழுவது சந்திலுள்ள வாறுகாலில். தெருச் சாக்கடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சித்தி வந்த கொஞ்ச நாளில், வெள்ளிக்கிழமைகளில், பெண்கள் மூவரும் தலைக்குக் குளித்து முடித்ததும் தண்ணீர் இறங்காமல் நிற்க ஆரம்பித்தது. கடைசியாகக் குளிக்கப் போகும் அப்பா, கணுக்கால்வரை அழுக்குத் தண்ணீரில் நின்று கத்துவார்.

முதலில் சீயக்காய்ச் சக்கை மேல் சந்தேகம் வந்தது. வடிகட்டித் தேய்க்க வேண்டும் என்று உத்தரவானது. வடிகட்டினோம், அடைத்தது. அடுத்து, அத்தைக்குப் பக்கத்து வீட்டின் மேல் சந்தேகம். செத்த எலியைக் குழாய்க்குள் தள்ளிவிட்டிருப்பார்கள் என்றாள். அப்பா மூங்கில் பிளாச்சை விட்டுக் குடைந்தார். எலி வரவில்லை. கறுப்பாக, கொழகொழவென்று, தேங்காய் அளவில் முடிப்பந்து ஒன்று வந்தது.

"ஆத்தாடி, இத வச்சு ஒரு சவுரியே பின்னிரலாம் போலயே" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள்.

அத்தை சிரிக்கவில்லை. பிளாச்சு நுனியில் தொங்கியதைப் பார்த்தாள், சித்தியின் பின்னலைப் பார்த்தாள்.

"ஏத்தா, ஒனக்கு இம்புட்டு முடி கொட்டுமா? ஒங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலையே."

"எனக்குக் கொட்டாது மதினி."

"கொட்டாமத்தேன் குழாய்க்குள்ள நடந்து போச்சாக்கும்?"

அன்றிலிருந்து அது குழாய்ச் சங்கதியாக இல்லை. உடம்பில் ஏதோ கோளாறு, அதை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அத்தை சந்தேகப்பட்டாள். முடி கொட்டுகிறவள் கால் வைத்த வீடு விளங்காது என்று வருகிறவர்களிடமெல்லாம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அந்தத் தாழ்ந்த குரல் சமையலறைவரை நன்றாகக் கேட்கும்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. சித்தி குளித்துவிட்டு வெளியே வந்ததும், நான் உள்ளே ஓடித் தரையைப் பார்த்துவர வேண்டும். பார்த்தேன். நாலைந்து இழைகள் கிடந்தன. போய்ச் சொன்னேன். "மிச்சத்தத் தண்ணி ஊத்தி அலசி விட்டுருக்கா, வெவரமானவ" என்றாள் அத்தை. நிறைய முடி கிடந்திருந்தாலும் குற்றம்தான், கிடக்காததும் குற்றம்தான் என்பது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. பெரியவர்களின் துப்பறியும் திறமை என்றே நினைத்தேன்.

அம்மாவின் தலையை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆண் பிள்ளை பெற்றவள், பச்சை உடம்புக்காரி. குளிர் ஏறிவிடக்கூடாது என்று காதில் பஞ்சும் தலையில் துண்டுமாகவே நடமாடினாள். அவள் விரித்த தலையோடு நின்று யாரும் பார்த்ததில்லை. தலை வாருவதும் குளியலறையிலேயேதான், கதவைச் சாத்திக்கொண்டு. பிள்ளை படுத்திருக்கும் அறையில் ஒரு முடி விழுந்தால் போதும், விரலில் சுற்றி இறுக்கிவிடும், வாய்க்குள் போய்விடும் என்பாள். வாரி முடித்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருவாள். அவ்வளவு சுத்தம்.

கடைசியில் அத்தை ஒரு முடிவு சொன்னாள். சித்தி இனி தலைக்குக் குளிப்பதென்றால் மேலூரில், தன் அம்மா வீட்டில்தான் குளிக்க வேண்டும். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. அப்பா, "விடுக்கா, சின்னப் பிள்ள" என்றதோடு சரி. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு துணிப்பையோடு சித்தி பஸ் ஏறுவாள், சனிக்கிழமை திரும்புவாள். அவள் ஊரில் இல்லாத வெள்ளியிலும் ஒருமுறை அடைத்தது. "பழைய முடி உள்ள தங்கிக் கெடந்துச்சு" என்றாள் அத்தை.

ஒரு சனிக்கிழமை சித்தி வந்தபோது முக்காட்டை எடுக்காமலே சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே எடுத்தாள். தோள்பட்டைக்கு மேல் வெட்டியிருந்தது.

"இனிமே எம் முடின்னு சொல்ல மாட்டீகல்ல, மதினி?"

சித்தப்பா எழுந்து வெளியே போனார். அம்மா அடுப்பிலிருந்த பாலை இறக்கினாள், இன்னும் பொங்காத பாலை.

சித்தி மறுபடி எங்கள் வீட்டிலேயே குளித்தாள். சில வாரங்கள் கழித்து மறுபடி அடைத்தது. அப்பா பிளாச்சை விட்டு இழுத்தார். இந்தமுறை பந்தாக வரவில்லை, நுனியில் மாட்டிக்கொண்டு நீளமாக வந்தது. அப்பாவின் கையிலிருந்து முழங்கால்வரை தொங்கியது. அப்பா அதைப் பிடித்தபடியே நின்றார். சித்தி வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். தம்பி தொட்டிலில் அழவில்லை. ஆனாலும், "பிள்ள அழுகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"பழசு" என்றாள் அத்தை. "பழசுதேன்."

மறுநாள் அம்மா பழைய கொசுவலையை நறுக்கி இரண்டாக மடித்து, துளையின் வாயில் கட்டினாள். குளித்ததும் அதில் சேர்ந்ததை அவளேதான் எடுப்பாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள். காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவாள். அதன்பின் எங்கள் குழாய் அடைக்கவே இல்லை. அம்மாவின் கெட்டிக்காரத்தனத்தை அப்பா மெச்சினார். அதே சமயத்தில் சித்தப்பாவும் சித்தியும் திருப்பரங்குன்றத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். "பாத்தியா, அவ போன பெறகு நின்னுருச்சு" என்று அத்தை சாகும்வரை சொன்னாள். சித்தப்பா எங்கள் வீட்டுக்குக் கல்யாணம், சாவு என்றால் மட்டும் வருவார், வந்தாலும் கை நனைக்கமாட்டார்.

இப்போது என் மகளுக்கு நான்கு மாதம். அம்மா எனக்குத் துணையாக என் வீட்டில் இருக்கிறாள். போன வாரம் எங்கள் குளியலறையில் தண்ணீர் தேங்கியது. கடையில் அடைப்பு நீக்கும் பொடி வாங்கினேன். அந்தப் புகை பிள்ளைக்கு ஆகாதோ என்று பயந்து பிரிக்காமலே வைத்துவிட்டேன். சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பார்த்தேன். நுரைத்தது, இறங்கவில்லை. பிறகு என் கணவர் மூடியைக் கழற்றிக் கம்பியை விட்டு இழுத்தார். கைநிறைய முடி. "இம்புட்டும் உன் தலையில இருந்ததா?" என்றார். என்னவோ நோய் என்றே நினைத்தேன். மருத்துவரிடம் ஓடினேன். அவர் தலையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "பிள்ளை பெத்து மூணு நாலு மாசத்துல கொட்டத்தாம்மா செய்யும். கொஞ்ச மாசம் கொட்டும், தானா நின்னுரும்" என்றார்.

நிம்மதியாகத்தான் திரும்பினேன். கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றபோது, தம்பி அப்போது எத்தனை மாதக் குழந்தை என்று ஏனோ எண்ணிப் பார்த்தேன்.

நானும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் தலை வாருகிறேன். அம்மா சொல்லிக்கொடுத்தது.

அன்றிலிருந்து அவளைக் கவனிக்கிறேன். என் குளியலறைத் துளைக்கு வலை வாங்கிவந்து பொருத்தியதும் அவள்தான். "தெனம் எடுத்துப் போட்றணும், சேர விடாத" என்கிறாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது தன் முடிதான் என்று அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். அத்தை சொன்னதை அவளும் நம்பியிருக்கலாம். அல்லது அந்த நீள முடி வந்த அன்றுதான் தெரிந்திருக்கலாம், அதற்குள் சித்தியின் முடி வெட்டப்பட்டுவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று இருந்திருக்கலாம். முன்பே தெரிந்திருந்தால்? நினைக்கவே பிடிக்கவில்லை. பெற்ற தாயை இப்படி வேவு பார்க்கிறேனே என்று என்மேலும் கோபம் வருகிறது.

சித்தி போன நாளில், ஆட்டோவில் ஏறியவள் மறுபடி இறங்கி வந்து, வாசலில் நின்ற அம்மாவின் எதிரே சும்மா நின்றாள். ஏதோ கேட்க மறந்து வந்ததைப் போல. அம்மா இடுப்பிலிருந்த பிள்ளையை நீட்டினாள். தம்பியை வாங்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டுச் சித்தி போய்விட்டாள். பிள்ளையைக் கொஞ்சத்தான் அவள் இறங்கி வந்தாள் என்று நான் நினைத்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பார்க்கச் சித்தி வருகிறாள். அதற்கு முன் அம்மாவிடம் நான் கேட்க வேண்டுமா? இத்தனை வருடம் கழித்து, எனக்காகக் கண்விழித்துக்கொண்டிருப்பவளிடம் கேட்பது நியாயமா? கேட்காமல் இருவருக்கும் ஒரே தட்டில் காப்பி கொண்டுபோய் வைப்பது மட்டும் நியாயமா? இப்படி ஒரு நிலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.