மூன்று வாய் பாஸ்தா

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த அம்மாள் மூக்கை லேசாகச் சுருக்கியதை நான் பார்த்துவிட்டேன். மற்ற யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காததைப் பார்த்துத் தொலைப்பது என் சுபாவம். பரீட்சை ஹாலில் வருடக்கணக்காக நின்று நின்று வந்த வியாதி. கடைசி பெஞ்சில் எவன் கை எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிற கண், சம்பந்தியின் மூக்கை மட்டும் விட்டுவைக்குமா?

இன்னும் சம்பந்தி ஆகவில்லை, அதுதான் பிரச்சினையே. என் மகளும் அவர் மகனும் சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். நாங்கள் சேலையூர், அவர்கள் மேடவாக்கம். நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் இந்துக்கள். பையனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அவன் மாதக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடியதில், "ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், அப்புறம் சொல்றேன்" என்று இறங்கி வந்திருந்தார். அந்த ஒரு தடவைதான் அன்று. சாப்பாடு நல்லபடியாக முடிந்தால் கல்யாணம். கோணலாக முடிந்தால் என் மகளின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவள் நான்.

நாள் குறித்ததும் அந்த அம்மாள்தான். பெண் வீட்டுக்கு முதல்முறை போக வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். எங்களுக்கோ அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய அந்த வாரங்களில் வெள்ளியன்று எங்கள் வீட்டில் கறி, கோழி எதுவும் அடுப்பேறாது. சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம் உண்டு, அதையும் தவறவிட மாட்டேன். "வேற நாள் வரச் சொல்லேன்" என்றேன் மகளிடம். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா, ப்ளீஸ். எடுத்தவுடனே நம்ம விரதம், நம்ம கோவில்னு ஆரம்பிக்காதே. அவங்க ஏற்கெனவே பயந்துபோயிருக்காங்க."

போதாததற்கு, "எங்கம்மா பர்கர் பாஸ்தா செஞ்சா அவ்ளோ நல்லா இருக்கும்" என்று அவனிடம் முன்கூட்டியே அளந்து வைத்திருந்தாள். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கல்லூரி நாட்களில் அவள் கேம்ப் ரோட்டில் பர்கராக வாங்கித் தின்று கொண்டிருந்தாள். பர்கருக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். கொத்துக்கறி, வெங்காயம், தக்காளி சாஸ், கடுகு சாஸ், சீஸ், வினிகரில் ஊறிய வெள்ளரி, அவ்வளவுதான். அத்தனையையும் பாஸ்தாவில் கொட்டிக் கிளறினேன். பன்னின் மேல் எள் இருக்கிறதே என்று அதையும் வறுத்துத் தூவினேன். அதற்கப்புறம் அவள் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஆனால் கறி இல்லாமல் அதை எப்படிச் செய்வது? மீல் மேக்கர் என்கிற சோயா உருண்டை வாங்கினேன். வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு, வெங்காயத்தோடும் நிறைய மிளகுத்தூளோடும் சிவக்கச் சிவக்க வதக்கினேன். கிண்ணத்தில் எடுத்து வைத்தால் கொத்துக்கறி கெட்டது போங்கள். ருசி பார்த்த என் கணவர் திடுக்கிட்டு, "என்னம்மா, தவக்காலத்துல கறியா?" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். "மூச்சு விடாதீங்க" என்று அவரையும் மகளையும் எச்சரித்து வைத்தேன். முதல்முறை வருகிறவர்களுக்கு டீச்சர் மீல் மேக்கரைப் போட்டு அனுப்பினாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். கிறிஸ்தவ வீடு என்றாலே பிரியாணியை எதிர்பார்க்கிற ஊர் இது. அதற்கு விளக்கம் சொல்லப்போனால் விரதம் வரும், விரதம் வந்தால் மதம் வரும். மகள் எதை ஆரம்பிக்காதே என்றாளோ அதில் போய் நிற்கும்.

அந்த அம்மாள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். சாய்ந்துகூட உட்காரவில்லை. கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. இயேசுவின் படத்தையும் அதற்குக் கீழே எரிந்த சிவப்பு விளக்கையும் பார்த்தார், பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். என் கணவர் மேடவாக்கத்துத் தண்ணீர் லாரிகளைப் பற்றியும் சிக்னல் நெரிசலைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் "ஆமாங்க", "ஆமாங்க" என்றார். கண் மட்டும் சமையலறையை விட்டு நகரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சந்தேகம் எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் என் டப்பா திறந்ததும் ஒரு சக ஆசிரியைக்குத் தவறாமல் வயிறு நிறைந்துவிடும். எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுபோனாலும் நிறைந்துவிடும். எந்தப் பாத்திரத்தில் என்ன வெந்ததோ என்கிற கவலை.

மேசையில் பரிமாறினேன். அந்த அம்மாள் தட்டைக் குனிந்து பார்த்தார். முள்கரண்டியால் பழுப்பாக இருந்த துணுக்குகளை மெதுவாக ஓரம் தள்ளினார். ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது... என்ன கறிங்க?"

வந்துவிட்டது. மாடா என்று நேராகக் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. எங்கள் வீட்டில் என்ன சமைக்கிறோம் என்பது எங்கள் பாடு. அதற்காக வந்தவரை ஏமாற்றியா தின்ன வைப்போம்? சுள்ளென்று ஏறியது எனக்கு.

"மனுஷங்க சாப்பிடுற கறிதான்" என்றேன்.

மேசைக்கடியில் மகள் என் காலை மிதித்தாள். என் கணவர் வெள்ளரித் துண்டை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார். பையன் அவசரமாக, "சாப்பிடும்மா, ஆன்ட்டி செஞ்சா சூப்பரா இருக்கும்" என்றான். அந்த அம்மாள் அவனைப் பார்த்தார், பிறகு என் மகளைப் பார்த்தார். ஒரு நொடி கண்ணை மூடினார். உதடு அசைந்தது. முதல் வாய் எடுத்து, மெல்லாமல் அப்படியே விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

இரண்டாவது வாய்க்கும் தண்ணீர். மூன்றாவதற்கும் தண்ணீர். மத்தியானத்திலிருந்து அடுப்படியில் வெந்து, சிலுவைப்பாதையையும் விட்டுவிட்டு நான் செய்ததை மாத்திரை போல விழுங்குகிறார். மூன்றோடு முள்கரண்டியை வைத்துவிட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. வயிறு நெறைஞ்சிடுச்சு."

ஸ்டாஃப் ரூம் வசனம், ஒரு எழுத்து மாறாமல். இந்தச் சம்பந்தம் நின்று போனாலும் போகட்டும் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தேன். நாளைக்கு என் மகள் அந்த வீட்டில் ஒரு டம்ளரைத் தொட்டால்கூடக் கழுவி வைப்பார்கள் என்று தோன்றியது.

அவர் தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போனார். குப்பையில் கொட்டப்போகிறார், அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நானும் பின்னாலேயே போனேன். அவர் கொட்டவில்லை. சிங்க் முன்னால் தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. சமையல்ல ஒரு கொறையும் இல்ல. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் கவுச்சி தொடமாட்டேன். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தொட்டதில்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மகன் தவக்காலத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை இதே வீட்டில் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவைத் தட்டோடு காலி செய்தவன். அவனை வைத்து அவன் வீட்டையே எடை போட்டிருந்தேன்.

"அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க?"

"அவன் சொல்லித்தான் கூட்டியாந்தான். அங்க போய் எதையும் வேணாம்னு சொல்லாதம்மா, அவங்க வேற மாதிரி நெனைச்சுப்பாங்கன்னு. உங்க பொண்ணு வேற என் மூஞ்சையே பாத்துக்கினு இருந்துச்சு. பசங்க நல்லா இருந்தா சரி, அம்மன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம்னு மூணு வாய் சாப்பிட்டேன். நாலாவது எறங்கல டீச்சர்."

அடுப்பு மேடையில் ஒரு கிண்ணத்தில், ஊறவைத்ததில் மிஞ்சிய மீல் மேக்கர் உருண்டைகள் இருந்தன. அதை அவர் முன்னால் நகர்த்தினேன்.

"அது கறியே இல்ல. இதுதான். எங்களுக்கும் இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான். தவக்காலம், நாங்களும் தொடமாட்டோம்."

அவர் நம்பவில்லை. "எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லாதீங்க" என்றார். ஒரு உருண்டையை எடுத்து அமுக்கினார், முகர்ந்தார், கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிட் அடித்தவனை நான் பார்க்கிற அதே பார்வை.

"அப்ப ஏன் டீச்சர் கறின்னு சொன்னீங்க?"

பதிலுக்குப் பதில் எனக்குள் ஒரு கேள்விதான் எழுந்தது. நான் இவர் வீட்டுக்கு ஒரு தவக்கால வெள்ளியன்று போயிருந்து, இவர் ஆசையாகக் கோழிக்குழம்பு ஊற்றியிருந்தால், என் மகளுக்காக எனக்கு மூன்று வாய் இறங்கியிருக்குமா? மறுத்திருப்பேன். மறுத்துவிட்டு, பெருமையாக வீட்டுக்கு வந்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன். அக்கா என்பது எப்படி வந்ததென்று தெரியவில்லை.

அவர் தட்டை என் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் வைங்க. காலைலேர்ந்து பயத்துல ஒண்ணும் சாப்பிடல."

நிறைய வைத்தேன். மேசைக்குத் திரும்பியதும் முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையாலேயே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். மற்ற மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். பாதித் தட்டு காலியான பிறகு, எனக்குச் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"கல்யாணத்தை மட்டும் வெள்ளிக்கிழமை வெக்க வேணாம் டீச்சர். ரெண்டு வூட்டாருக்கும் பிரியாணி கெடைக்காமப் போயிடும்."

ஒரு முள்கரண்டி தட்டில் உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பரீட்சை ஹால் கண் என்று பீற்றிக்கொள்கிற நான், அவ்வளவு நேரமும் அந்த அம்மாளின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் மகளின் தட்டில் நான் வைத்த பாஸ்தா வைத்தபடியே இருந்தது. அவள் அப்போதுதான் முதல் வாய் எடுத்தாள்.