தின்னர் போட்டுத் துடைத்த கற்கள்

ஆயுத பூஜைப் பொரி உங்கள் வீட்டில் தீர்ந்துவிட்டதா? எங்கள் வீட்டில் அது நமுத்தே போய்விட்டது. ஆனால் இந்த வருஷ பூஜையில் வேறொன்றும் மிச்சமாகியிருக்கிறது. இரண்டு கற்கள்!

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை. படிப்பு பத்தாவது. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். எழுதினால் வேர்ப்பதில்லை... அதனால்தான் வாராவாரம் இங்கே உங்களோடு அரட்டை. "சொந்த ஊர் எது சார்?" என்று யாராவது சாதாரணமாகக் கேட்டால்கூட முழிப்பேன். தாத்தாவுக்கும் முன்னால் யாரோ ஆற்காட்டுப் பக்கமிருந்து கிளம்பி வந்தார்களாம். எந்த ஊர்? சொல்ல இப்போது யாரும் இல்லை. "அந்தப் பக்கம்..." என்று பொதுவாகக் கையைக் காட்டி நழுவிவிடுவேன்.

என் மகள் மாலினி பி.எஸ்ஸி. ஜியாலஜி படிக்கிறாள். இரண்டாம் வருஷம். அவள் சேர்ந்தபோது என் மைத்துனன் கேட்டான்: "ஏன் மாமா, கல்லைப் பத்திப் படிக்க காலேஜ் எதுக்கு? நம்ம ரோட்டுக் குழியிலே இல்லாத கல்லா?"

நானும் சிரித்தேன். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்த பெங்களூரே வேறு மாதிரி ஆகிவிட்டது. லால்பாக் பாறைமேல் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருப்பேன்! அதற்கு வயது முந்நூறு கோடி வருஷம் என்று மகள் சொன்ன பிறகு, தோலைக் கீழே போடக் கை வரவில்லை. ஆயிரம் அடி போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்கியே பிழைத்தவன் நான். அந்த ஆயிரம் அடியில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? "பாறையிலே விரிசல் இருந்தாதான்ப்பா தண்ணி. விரிசல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணும்" என்றாள். பக்கத்து வீட்டில் தண்ணீர், நம் வீட்டில் வெறும் புழுதி — ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, பூஜைக்கு வருகிறேன்.

எங்கள் கடையில் ஆயுத பூஜை என்றால் ஸ்பேனர், புல்லர், வைஸ் எல்லாவற்றுக்கும் குளியல். கிரீஸ் போக, ஒட்டிய பெயிண்ட் போக, தின்னர் போட்டுத் துடைத்துப் பளபளவென்று அடுக்கிவிடுவேன். பிறகு சந்தனம், குங்குமம். இந்த வருஷம் ஒரு யோசனை... நம் பெண்ணுக்கும் ஆயுதம் இருக்கிறதே! அவளும் அம்மாவும் பூவும் பூசணிக்காயும் வாங்க சிவாஜிநகர் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய சுத்தியல், லென்ஸ், கூடவே பையிலிருந்த பத்துக் கற்களையும் கடைக்குக் கொண்டுவந்தேன். எல்லாக் கல்லிலும் ஒரு மூலையில் வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருந்தது. மேலே கறுப்பாக ஏதோ கிறுக்கல். விடுவேனா? தின்னரில் துணியை நனைத்து ஒன்றொன்றாகத் துடைத்து, பொட்டும் வைத்தேன். அத்தனை அழகு!

மாலினி வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா... நம்பர் எங்கப்பா?"

"என்ன நம்பர்? பெயிண்ட் ஒட்டியிருந்துச்சும்மா. சுத்தமா எடுத்துட்டேன்."

"அய்யோ, அதுதான்ப்பா நம்பர்! எந்தக் கல் எந்த இடம்னு அதை வெச்சுதான் மேப்பே போட்டிருக்கேன்!"

ராமநகரம், கனகபுரா பக்கம் வெயிலில் நடந்து உடைத்து எடுத்த கற்களாம். லீவு முடிந்ததும் காலேஜில் ஒப்படைக்க வேண்டும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் பிராக்டிகல் பரீட்சையில் உட்கார முடியாது. வருஷம் வீண்.

"ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் என் மனைவி. நியாயம்தான்.

பூஜையை எப்படியோ முடித்தோம். மாலினி லென்ஸோடு தரையில் உட்கார்ந்தாள். போனில் போட்டோ இருந்தது. ஆனால் எடுத்தது பாறையை, உடைத்த துண்டை இல்லை. ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்தாள், கீறிப் பார்த்தாள். "பிங்க்கா பெரிய பெரிய படிகம்... இது ராமநகரம். இந்தக் கறுப்பு, ஏரிக்கரைக்குப் பக்கத்திலே." எட்டுக் கற்கள் தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மீதி இரண்டும் சாம்பல் வரி போட்டவை. அண்ணன் தம்பி போல அச்சு அசலாக ஒரே மாதிரி.

மெதுவாகச் சொன்னேன். "ஏதோ ஒரு நம்பரைப் போடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எனக்குத் தெரியுமேப்பா. கல்லோட இடத்தை மாத்திச் சொன்னா, மொத்த மேப்பும் பொய்தானே?"

இரண்டுக்கும் நேராக "இடம் தெரியாது" என்று எழுதிவிட்டாள். நான் ஒரு முடிவு செய்துவிட்டேன் — காலேஜுக்கு நானும் போவேன்.

பஸ்ஸில் போகும்போதே கன்னடத்தில் ஒத்திகை பார்த்தேன். அவளுடைய மேடத்தைப் பார்த்ததும் எல்லாம் பறந்துவிட்டது. "பன்னி, கூத்கொள்ளி" — வாங்க, உட்காருங்க — என்று நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. நின்றபடியே, வேர்த்த கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன்: தப்பு என்னுடையது மேடம். தின்னர் போட்டது நான். பெண்மேல் தப்பில்லை.

மேடம் சிரிக்கவில்லை. கற்களைக் கலைத்துப் போட்டார். "இப்போது சொல்" என்றார் மாலினியிடம். எண் இல்லாமலே எட்டையும் எடுத்து, எது, எங்கே, எப்படித் தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு கல்லை வாங்கி லென்ஸில் பார்த்த மேடத்தின் புருவம் உயர்ந்தது.

"சிவப்பாக இருக்கிறதே... கார்னெட் படிகமா?"

மாலினி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லை மேடம். குங்குமம்" என்றாள்.

அப்போதுதான் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு! பக்கத்து அறையிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள்.

"எட்டுக்கு மார்க் உண்டு. இந்த இரண்டுக்குக் கிடையாது. ஆனால் 'தெரியாது' என்று எழுதினாளே... அதனால் மற்ற எட்டையும் நம்புகிறேன். பரீட்சைக்கு வரட்டும்." என்னிடம் திரும்பி, "பர்வாகில்லா, உட்காருங்கள்" என்றார். அப்போது உட்கார்ந்தேன்.

யாருக்கு நன்றி சொல்வது? அந்த மேடத்துக்கா? அப்பா சொன்ன சுலப வழியில் போகாத பெண்ணுக்கா? "தெரியாது" என்பதையும் ஒரு பதிலாக எழுதலாம் என்று சொல்லிக்கொடுத்த அந்தப் படிப்புக்கா? அவள் ஜியாலஜி கேட்டபோது வேண்டாமென்று சொல்லாமல் இருந்தேனே... என் வாய் பேசாத குணத்துக்கும் சேர்த்து ஒரு நன்றி!

எந்த இடம் என்று தெரியாத கல்லைக் காலேஜில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது என் கடை மேஜைமேல் இருக்கின்றன. நேற்று மோட்டார் கொண்டுவந்த ஒருவர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "எந்த ஊர்க் கல்லுண்ணா இது?" என்று கேட்டார்.

முழிக்கவில்லை நான். "எடுத்த இடம் தெரியாதுங்க. இப்போ என்னை மாதிரியே ஆஸ்டின் டவுன்!" என்றேன்.