பெத்தம்மாள் ஒப்புக்கொண்டது

கார்த்திகை மாதத்தில் பசுவந்தனை ரோட்டில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. தார் முடிகிற விளிம்பிலேயே கரிசல் தொடங்கிவிடும். மழை குடித்த அந்த மண்ணில் சக்கரம் நாலு முழம் உருண்டால் போதும், மட்கார்டுக்குள் சேறு அப்பிக்கொண்டு சைக்கிள் அப்படியே நின்றுவிடும். இறங்கி, குச்சி ஒடித்து, மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அவனுக்கென்ன வந்தது?

பெத்தம்மாள் அந்த ரோட்டில் பதினெட்டு வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிறாள். அவளுடைய ஊரிலிருந்து கோவில்பட்டி விளிம்பில் இருக்கிற தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது குச்சி அடைக்கிற ஆலைக்கு, ஏழு கிலோமீட்டர். இடது தோளில் லோடு ஆட்டோவின் கண்ணாடி இடித்த தழும்பு இருக்கிறது. டவுனுக்குள் ஒரு கார்க்காரன் பார்க்காமல் கதவைத் திறந்ததில் வலது முழங்கால் பிசகி, இன்றுவரை மாடிப்படி ஏறினால் சொடக்குப் போடுகிறது. வாங்கின அடி எதையும் அவள் சும்மா வைத்துக்கொண்டதில்லை. வெற்றிலை எச்சிலைத் தன்மேல் துப்பிவிட்டுப் போன ஒரு காரைப் பெட்ரோல் பங்கு வரை விரட்டிப் போய், கருங்கல்லால் அதன் பக்கக் கண்ணாடியைச் சில்லுச்சில்லாக்கியிருக்கிறாள். பின்னாலிருந்து முதுகில் தட்டிவிட்டுப் போன பைக் பையனைச் சிக்னலில் பிடித்து, செருப்பு பிய்கிற வரைக்கும் அடித்திருக்கிறாள்.

"உனக்குக் கை ரொம்ப நீளுது. ஒருநாள் எவனாவது உன்னைக் கொன்னு போட்டுட்டுப் போயிருவான்" என்பார் அவள் புருஷன் வேல்சாமி.

"போட்டா போடட்டும். ஒதுங்கி ஒதுங்கிச் சாகுறதுக்கு இது மேலு" என்பாள்.

பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்த சொர்ணத்தாய்க்கு அப்போது இருபத்திமூன்று வயது. அவளுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டவளும், தீப்பெட்டி ஆபீசில் சேர்த்துவிட்டவளும் பெத்தம்மாள்தான். சொர்ணம் அவளைச் சித்தி என்று கூப்பிடுவாள். தினமும் காலையில் சொர்ணம் முன்னால் போவாள், இருபதடி விட்டுப் பெத்தம்மாள் பின்னால் வருவாள். வருகிற இடி முதலில் தன்மேல் விழட்டும் என்பது அவள் கணக்கு.

அன்றைக்கு அந்தக் கணக்கு பொய்த்துப்போனது.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ராத்திரி பெய்த மழையில் ரோட்டின் இரண்டு பக்கமும் கறுப்புச் சேறாகக் கிடந்தது. எதிரே மக்காச்சோள மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்துகொண்டிருந்தது. பின்னால் மினிபஸ்ஸின் ஹாரன் விடாமல் அலறியது. அந்த ரூட்டில் இரண்டு மினிபஸ்கள். பிந்திப் புறப்பட்ட முதல் பஸ், பின்னால் வருகிற இரண்டாவது பஸ் முந்திப்போய் அடுத்த ஸ்டாப்பில் ஆளை அள்ளிவிடுமோ என்று பறந்து வந்தது. ஓட்டியவன் சோலைராஜ். டிராக்டர் கடந்து போகட்டும் என்று ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். அவன் பொறுக்கவில்லை, டிராக்டருக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே பஸ்ஸை நுழைத்தான்.

பஸ்ஸின் தகரம் பெத்தம்மாளின் கைப்பிடியை உரசித் தள்ளியது. அவள் காலை ஊன்றித் தப்பித்தாள். முன்னால் போன சொர்ணத்தைப் படிக்கட்டு முதுகில் இடித்தது. அவள் சேற்றுப் பக்கம் விழாமல் தார்ப் பக்கம் விழுந்தாள். விரித்து ஊன்றிய இடது கையின்மேல் பின்சக்கரம் ஏறி இறங்கியது.

பஸ் ஒரு கணம் வேகம் குறைந்தது. படியில் தொங்கிய கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். கீழே கிடந்தவளையும் ரத்தத்தையும் பார்த்தான். பிறகு ரெண்டு விசில் ஊதினான். போகலாம் என்று அர்த்தம். பஸ் போனது.

அந்த ரெண்டு விசில்தான் பெத்தம்மாளின் தலைக்குள் ஏறியது.

சொர்ணம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. தன் கை இருந்த இடத்தில் இருந்த சதையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு, "சித்தி" என்று மட்டும் சொன்னாள். பெத்தம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் மடியில் எறிந்தாள்.

"இறுக்கிச் சுத்திக்கோட்டி. அவனைப் பிடிச்சுட்டு இந்தா வந்துருதேன்."

அவள் சைக்கிளை மிதித்தாள். மூன்று கிலோமீட்டர் மிதித்தாள். வழியில் பஸ் இரண்டு ஸ்டாப்பில் நின்றது. இரண்டு தடவையும் நம்பர் பிளேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்து கோட்டை விட்டாள். டவுனுக்குள் நுழைகிற இடத்தில், ஒரு சரக்குக் கிட்டங்கி வாசலில் லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருக்க, பஸ் அதற்குப் பின்னால் மாட்டி நின்றது.

சைக்கிளைக் கீழே போட்டாள். கைப்பிடியில் தொங்கிய சோற்றுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து சோலைராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எறங்குலே! எறங்குலே கீழ!"

அவன் அவள் நெஞ்சில் ஓங்கி உதைத்தான். மல்லாந்து விழுந்தவள் எழுந்த வேகத்தில் தூக்கைச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தாள். நிறைய சோறும் குழம்பும் இருந்த எவர்சில்வர் தூக்கு. மூக்கெலும்பு ஒடிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது. ரத்தமும் புளிக்குழம்புமாக அவன் கண்ணைத் துடைப்பதற்குள் எட்டிச் சாவியைப் பிடுங்கி, ரோட்டோரச் சாக்கடைக்குள் வீசினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சோலைராஜ் சீட்டுக்கு அடியிலிருந்து இரும்பு ராடை எடுத்துக்கொண்டு இறங்கினான். கண்டக்டர் பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்து வளைத்துக்கொள்ள, விலாவில் மூன்று அடி விழுந்தது. இரண்டாவது அடியில் உள்ளே ஏதோ முறிந்தது. நாலாவது அடிக்கு ஓங்கிய கையை எட்டிப் பிடித்துக் கட்டைவிரலைக் கடித்தாள். வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் அலறினான். முழங்கையால் அவள் வாயில் குத்தினான். இரண்டு பற்கள் போயின. அவள் விரலை விடவில்லை.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். "எங்களுக்கு வேலைக்கு நேரமாகுது, உங்க பஞ்சாயத்தை ஓரமா வச்சுக்கிடுங்க" என்று ஒரு பொம்பளை கத்தினாள். லாரி எப்போதோ போய்விட்டது. சாவியில்லாத பஸ் நடுரோட்டில் நின்றது. பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டு ஹாரன் போட்டன.

டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து விலக்கினார்கள். "ஒரு பிள்ளை மேல ஏத்திட்டு ஓடியாந்துட்டான்! கையி போச்சு!" என்று பெத்தம்மாள் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினாள்.

டீக்கடைக்காரர் கேட்டார். "எந்தப் பிள்ளை? எங்கன கெடக்கு? கூட யாரு இருக்கா?"

கூட யாரும் இல்லை.

சொர்ணத்தை எடுத்தவர் குலாம் ரசூல். கிராமங்களுக்கு லோடு ஆட்டோவில் நைட்டியும் பாவாடைத் துணியும் கொண்டுபோய் விற்கிற ஜவுளிக்காரர். பசுவந்தனைக்குப் போகிற வழியில், ரோட்டு விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்திருக்கிறார். துண்டு முழுக்க நனைந்திருந்ததால் புதுப் பாவாடைத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து டவுனுக்குத் திருப்பினார். டவுன் விளிம்பில் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு மினிபஸ் குறுக்கே நின்றது. இறங்கிப் போய், "கொஞ்சம் வழி விடுங்க, உள்ள ஒரு பிள்ளை உசுருக்குப் போராடுது" என்று கெஞ்சினார். சாவியை எவளோ சாக்கடையில் எறிந்துவிட்டாள் என்றார்கள். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் ஒரு பைக்கில் அவளை நடுவில் உட்காரவைத்து, பின்னால் அவரே பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. அதே ஆஸ்பத்திரியில், இன்னொரு வார்டில், இரண்டு விலா முறிந்து பெத்தம்மாள் கிடந்தாள். நடக்க முடிந்த அன்றைக்கு டாக்டரிடம் போய்க் கேட்டாள். "அரை மணி முந்திக் கொண்டாந்திருந்தா விரல் நின்னுருக்குமா, சார்?"

"இல்லம்மா. நசுங்கிப் போச்சு. எப்ப வந்தாலும் இதான்" என்றார்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

சொர்ணம் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மதியம் பெத்தம்மாள் போய் அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஆட்டோக்குள்ள இருந்து பாத்தேன், சித்தி" என்றாள் சொர்ணம்.

"எதை?"

"உங்களைத்தான். அவன் கைய வாயில கவ்விக்கிட்டு நின்னீங்க. நான் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல."

பெத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்காகத்தான் போனீங்கன்னு ஊருல சொல்லுதாவ. நீங்களும் அப்படித்தான் நெனைக்கீங்களா?"

பொய் சொல்ல பெத்தம்மாளுக்கு வாய் வரவில்லை. "இல்லட்டி. எனக்கு அவனை அடிக்கணும்போல இருந்துச்சு. பதினெட்டு வருசமா எவனையாவது முழுசா அடிக்கணும்போல இருந்துச்சு. உன்னை நெனைக்கவே இல்ல."

சொர்ணம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போலீசில் இரண்டு வழக்குகள் பதிவாகியிருந்தன. சொர்ணத்தின்மேல் ஏற்றிவிட்டு நிற்காமல் போனதற்கும், பெத்தம்மாளை ராடால் அடித்ததற்கும் சோலைராஜ் மேல் ஒன்று. மூக்கை உடைத்ததற்குப் பெத்தம்மாள் மேல் ஒன்று. மாசி மாதம் பஸ் முதலாளி இராமச்சந்திரன் ஊருக்கே வந்தார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. சொர்ணத்தின் மாமியார் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் சமாதானமாப் போயிருவோம். ஆஸ்பத்திரிச் செலவு என்னோட பொறுப்பு. எங்க பையன் ஓட்டின வண்டியப் பாக்கல, தானா விழுந்துட்டேன்னு பிள்ளை சொல்லட்டும். இல்லேன்னா பெத்தம்மாள்தான் உள்ள போகணும். வீடியோ எங்க கையில இருக்கு. பாவம், வயசான காலத்துல அவியளை ஏன் ஜெயிலுக்கு அனுப்பணும்?"

வீட்டார் தலையாட்டினார்கள். சொர்ணம் மட்டும் ஆட்டவில்லை. அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெத்தம்மாளைக் கூப்பிட்டாள். அவள்மேல் இருந்த கோபம் ஆறவில்லை, அது குரலிலேயே தெரிந்தது.

"தானா விழுந்தேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா நான் உண்மையச் சொன்னா நீங்க உள்ள போவீங்களாமே. அதான் யோசிக்கேன்."

"எனக்காக நீ யோசிக்காத. அன்னைக்கு நான் யோசிச்சேனா?"

அடுத்த வாய்தாவுக்குப் பெத்தம்மாள் கோர்ட்டுக்குப் போனாள். குற்றத்தை மறுக்க வேண்டும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூண்டில் ஏறியதும் அவள் கும்பிட்டுவிட்டு, "அடிச்சேன் சாமி" என்றாள்.

வக்கீல் பாதி எழுந்தார். மாஜிஸ்திரேட் அவரைக் கையமர்த்திவிட்டு, "யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா? ஒப்புக்கிட்டா தண்டனை உண்டு, தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். யாரும் மிரட்டல. சோத்துத் தூக்கால மூஞ்சியில அடிச்சேன். மூக்கு ஒடைஞ்சுது. வெரலைக் கடிச்சேன். சாவியப் பிடுங்கிச் சாக்கடையில எறிஞ்சேன். அதுதான் நான் செஞ்சதுலயே பெரிய தப்பு. அதுக்கு என்ன தரணுமோ தாங்க."

ஒரு மாதம் கொடுத்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இராமச்சந்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பேரம் பேச அவர் கையில் இனி எதுவும் இல்லை.

ஜெயிலில் இரண்டாம் நாளே தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி பெத்தம்மாளைக் கன்னத்தில் அறைந்தாள். பெத்தம்மாள் திருப்பி அறைந்தாள். அவள் திருந்தி வந்தாள் என்று சொல்வதற்கில்லை.

சோலைராஜின் வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. அன்று எதிரே வந்த டிராக்டரை ஓட்டிய மாடக்கண்ணு, முதலாளியின் ஆட்கள் இரண்டு தடவை வழிமறித்து நெட்டித் தள்ளியும் மசியாமல் வந்து சாட்சி சொன்னார். சொர்ணம் சாட்சிக் கூண்டின் விளிம்பில் இடது கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "அவன் மோதினது தெரியாமப் போனான்னு நான் சொல்லல. பாத்தாங்க. பாத்துட்டு விசில் அடிச்சாங்க." டிரைவருக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள், லைசென்ஸும் ரத்தாயிற்று. அப்பீல் போட்டு ஜாமீனில் இருக்கிறான். இப்போது கயத்தாறு பக்கம் ஒரு லாரி செட்டில் டயர் கழற்றுகிறான் என்று கேள்வி. விசில் அடித்தவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் வேறொரு பஸ்ஸில் அதே வேலையில் இருக்கிறான்.

சொர்ணம் மறுபடி சைக்கிள் மிதிக்கிறாள். டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹக்கீம் இரண்டு பிரேக்கையும் வலது பக்கமே இழுத்து மாட்டிக் கொடுத்தார். தீப்பெட்டி ஆபீசில் அவளுக்குப் பெட்டி எண்ணி அடுக்குகிற வேலை. பெத்தம்மாளோடு பேச்சு உண்டு. முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வேலியைத் தாண்டிப் போய்வரும். ஆனால் ரோட்டில் இருவரும் சேர்ந்து போவதில்லை. சொர்ணம் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பிவிடுவாள். பெத்தம்மாளும் ஏன் என்று கேட்பதில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, ஒரு டாக்சிக்காரன் டவுன் ரோட்டில் பெத்தம்மாளின் பின்சக்கரத்தில் இடித்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, "ஏ கெழவி, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கேட்டான். பெத்தம்மாள் அவன் கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்து இழுத்து, போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து பிரிக்கிற வரைக்கும் அறைந்தாள். அவளுக்கும் உதடு கிழிந்தது. சக்கரம் கோணிப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு, அரைமணி பிந்தி தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

சொர்ணம் வாசலில் தண்ணீர் குடிக்க வந்து நின்றிருந்தாள். பெத்தம்மாளின் உதட்டைப் பார்த்தாள், கோணிய சக்கரத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எவன் சித்தி?"

"வெளியூர்க்காரன்."

"இருக்குற பல்லாவது மிச்சம் இருக்கா?"

பதிலுக்கு நிற்காமல் சொர்ணம் உள்ளே போனாள். போகும்போது குடித்து மிச்சமிருந்த தண்ணீர்ச் செம்பை, ரத்தத்தைக் கழுவிக்கொள்ளட்டும் என்று, வாசல் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.